நூலுக்குக் கீழே ஒரு புள்ளி

செம்பக்கா தன் முதலாளிக்கு முப்பதாயிரம் கடன்பட்டிருந்தாள். வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட வாங்கிய பணம் அது. வட்டி கிடையாது. மாதம் ஆயிரமாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். பிடித்துப் பிடித்து, இந்தக் கதை நடக்கிற மாதத்தில் நாலாயிரம்தான் பாக்கி.

கடனை அவள் மறைத்தவள் இல்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்வாள். "மகன் பஸ் ஓட்டறான், அவன்கிட்ட ஒரு பைசா கேக்கல. செத்துப்போன மனுசன் ஓட்டைத் தகரத்தை விட்டுட்டுப் போனார். அதை இறக்கிட்டு நானே போட்டேன் கூரை!" என்பாள். மழை பெய்தால் வேண்டுமென்றே ஒருமுறை அண்ணாந்து பார்ப்பாள். ஒழுகுகிறதா என்று பார்க்கத் தேவையில்லை. ஒழுகவில்லை என்பதைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு சுகம்.

மோட்டார் காயில் கட்டுவது அவள் தொழில். தண்ணீர் மோட்டார், மாவு மெஷின் மோட்டார், கம்பெனிகளில் ஓடுகிற பெரிய மோட்டார் என்று எது கருகினாலும் அந்தத் தெருவுக்குத்தான் வரும். தெருவின் இரண்டு பக்கமும் பட்டறைகள். வார்னிஷ் வாசனையும் எரிந்த செம்பின் வாசனையும் காலையில் உள்ளே நுழையும்போதே மூக்கைப் பிடித்து உலுக்கும். கருகிய மோட்டாரின் வயிற்றைத் திறந்து, பழைய செம்புக் கம்பியை வெட்டி இழுத்துப் போட்டு, கம்பி உட்காருகிற காடிகளைச் சுத்தம் செய்து, காகிதம் வைத்து, புதுக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு காயிலுக்கு நாற்பத்திரண்டு சுற்று என்றால் நாற்பத்திரண்டுதான். ஒன்று குறைந்தாலும் மோட்டார் சூடேறும், ஒன்று கூடினாலும் முக்கும். செம்பக்கா பேசிக்கொண்டே சுற்றுவாள், திட்டிக்கொண்டே சுற்றுவாள், டீ குடித்துக்கொண்டே சுற்றுவாள். எண்ணிக்கை மட்டும் பிசகாது. அவள் கட்டிய மோட்டார் அதே கோளாறோடு திரும்பி வந்ததாகத் தெருவில் ஒருத்தரும் சொல்ல முடியாது. பெருமைக்காகச் சொல்வதா என்றால், ஆமாம், பெருமைக்காகத்தான். இதற்குப் பெருமைப்படாமல் வேறு எதற்குப் படுவது?

விரல் நுனிகளில் செம்பின் நிறம் ஏறிப்போனதால் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. முதலாளிக்கும் அவள் அக்காதான். அவளைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் ஒரே மேஸ்திரியிடம் ஒரே வருஷத்தில் தொழில் கற்றவர்கள். வாடிக்கையாளர்கள் இருந்தால் "முதலாளி" என்பாள், இல்லாவிட்டால் "தம்பி." கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு பட்டறை முழுக்க அதைத் தேடுவார் அவர். "தலையில இருக்கு தம்பி" என்று தினம் ஒருமுறை சொல்வதும் அவள் வேலைகளில் ஒன்று.

கூரைக்குப் பணம் தேவைப்பட்டபோது அவள் உண்மையில் கேட்கப் போனது கடன் இல்லை. சம்பள உயர்வு. அவளுக்கு அப்போது மாதம் பன்னிரண்டாயிரம், இப்போது பதினைந்தாயிரம். பக்கத்து மேசையில் அதே காயிலைக் கட்டுகிற நெட்டைக்கு அப்போது பதினாறாயிரம், இப்போது இருபதாயிரம். நெட்டை நல்ல பையன்தான். பையன் என்றால், நாற்பத்தைந்து வயதுப் பையன். அவன் சுற்றிய காயிலைச் செம்பக்கா பிரித்துத் திரும்பக் கட்டிய நாட்கள் உண்டு.

அன்றைக்கு முதலாளி அவளை உட்காரவைத்து, தானே டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, உன் கைக்கு ஈடு கிடையாது. நீ மட்டும் நாலு எழுத்து படிச்சிருந்தா உன்னை எங்கேயோ தூக்கி வச்சிருப்பேன். படிப்புன்னு ஒண்ணு இருக்கே, என்ன செய்ய? கூரைக்கு எவ்வளவு வேணும், சொல்லு. கடனா வாங்கிக்க. வட்டி பேசினேன்னா செருப்பால அடி."

அவர் பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னார். செம்பக்காவும் மனசார நம்பினாள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது படித்தவளுக்குப் பன்னிரண்டாயிரம் என்றால் அதுதான் விலை போலிருக்கிறது என்று முடிவுக்கு வந்து, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். கூரை ஏறியது. அந்த வார்த்தை மட்டும் முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

முதலாளியின் மகள் மேல்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்யத் தொடங்கினாள். ஒரு மனிதனின் வருமானத்தை எது தீர்மானிக்கிறது என்பது தலைப்பு. படிப்பா, அனுபவமா, எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்பதா? ஊரையெல்லாம் அளக்க அவளிடம் காசு இல்லை, அதனால் தான் பிறந்து வளர்ந்த தெருவையே எடுத்துக்கொண்டாள். அச்சடித்த காகிதங்களோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். மொத்தம் எழுபது பேர், அதில் பெண்கள் பதினொன்று. இந்தப் பட்டறையில் செம்பக்காவும், காடிகளுக்குப் பேப்பர் வெட்டித் தருகிற ஒரு பெண்ணும்.

அந்த ஒரு வாரத்தில் தெருவில் படிப்பாளிகள் பெருகினார்கள். பட்டறை முதலாளி ஒருவரின் மகள் காகிதமும் கையுமாக வந்து "எத்தனாவது படிச்சீங்க?" என்று கேட்டால், அது சம்பளத்தைத் தொடுகிற கேள்வி என்று யாருக்குத்தான் தோன்றாது? "பேர் எழுத மாட்டேன், அப்பாகிட்ட காட்ட மாட்டேன்" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு ஆளுக்கு இரண்டு வகுப்பு ஏறிக்கொண்டார்கள்.

செம்பக்காவிடம் வந்தபோது நெட்டை பக்கத்திலேயே இருந்தான். அவன் எட்டாவது என்று உண்மையைச் சொல்லிவிட்டு இளித்துக்கொண்டு நின்றான்.

"அத்தை, நீங்க?"

"பத்தாவது," என்றாள் செம்பக்கா.

நெட்டை வாயைப் பிளந்தான். "அக்கா, சொல்லவே இல்ல!"

"உன்கிட்ட எதுக்குடா சொல்லணும்? நீ என்ன எனக்கு வேலை குடுக்கப் போறியா?"

பொய் சொன்ன கையோடு கட்டிக்கொண்டிருந்த காயிலை நூல்கொண்டு இறுக்கிய இறுக்கில் நூல் அறுந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, சொன்னதற்காகவா சொல்ல வேண்டி வந்ததற்காகவா என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை. புது நூல் எடுத்துக் கட்டினாள்.

மூன்று வாரம் கழித்து மகள் திரும்பி வந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், பட்டறையில் அவர்கள் இருவரும்தான். மகளின் முகம் வாடியிருந்தது.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கறதும் கோவிச்சுக்காததும் கேள்வியைப் பொறுத்தது. கேளு."

அவள் தரையில் குந்தி, சாக்குக்கட்டியால் ஒரு கோடு படுக்கையாகவும் ஒரு கோடு நிமிர்த்தியும் போட்டாள். படுக்கைக் கோடு எத்தனை வருஷம் வேலை செய்தார்கள் என்பது. நிமிர்ந்த கோடு சம்பளம். ஆளுக்கொரு புள்ளி வைத்தாள். அனுபவம் கூடக்கூடப் புள்ளிகள் மெல்ல மேலே ஏறிக்கொண்டே போயின. பிறகு காயில் கட்டுகிற நூலில் ஒரு முழம் கேட்டு வாங்கி, புள்ளிக் கூட்டத்தின் நடுவே இழுத்துப் பிடித்தாள்.

"பாருங்க. சில புள்ளி நூலுக்கு மேல, சில புள்ளி கீழ. மொத்தமாப் பாத்தா எல்லாத்துக்கும் ரொம்பக் கிட்டப் போற மாதிரி நூலை வைக்கணும். இதுக்குப் பேர் ரிக்ரஷன். இவ்வளவு அனுபவம் இருந்தா ஏறக்குறைய இவ்வளவு சம்பளம்னு நூல் சொல்லும். இங்க ஒரே ஒரு காரணத்துக்குத்தான் நூல் பிடிச்சிருக்கேன். படிப்பு, வேலை நேரம்னு எல்லாத்தையும் சேத்து கம்ப்யூட்டர் பிடிக்கும்."

"எல்லாம் கலந்து கிடக்கறப்ப எது எதோட வேலைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மத்ததெல்லாம் அசையாம இருந்தா, இது ஒண்ணு மட்டும் கூடினா சம்பளம் என்ன ஆகும்னு ஒவ்வொண்ணாப் பாக்கும்."

"ஓ. மோட்டார்ல மூணு ஃபேஸ் கம்பியையும் ஒவ்வொண்ணாப் பிரிச்சு வச்சு மெக்கர் போட்டுப் பாக்கற மாதிரி."

"மெக்கர்னா?"

"கரண்ட் எங்க கசியுதுன்னு காட்டற மிஷினும்மா. மோட்டார் பட்டறைக்காரன் பொண்ணுதானா நீ?"

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. சாக்குக்கட்டியால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். வலது கோடியில், நூலுக்கு வெகு கீழே, தனியாகக் கிடந்தது அது.

"இது நீங்க. தெருவிலேயே அதிக அனுபவம் உங்களுக்குத்தான். பத்தாவது வேற. அதுக்கு இந்தச் சம்பளம் பொருந்தவே இல்ல. எங்க சார் பாத்துட்டு, இது தப்பாப் பதிஞ்ச கணக்கு, அழிச்சுடுன்னு சொல்லிட்டார்."

"அழிச்சா?"

"அறுபத்தொன்பது பேரை வச்சு எழுதணும்."

செம்பக்கா அந்தப் புள்ளியையே பார்த்தாள். முப்பத்திரண்டு வருஷம். எத்தனை ஆயிரம் மோட்டார்! அவள் கட்டிய காயில்களின் கம்பியைப் பிரித்து நீட்டினால் எந்த ஊர் வரை போகும் என்று யாருக்குத் தெரியும்? அவ்வளவும் சேர்ந்து சாக்குக்கட்டியில் ஒரு புள்ளி, அதையும் எவரோ ஒரு சார் விரலால் துடைத்துவிடுவாராம். அவளுடைய பொய்யால். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை முன்னால் முகம் போகும், சொல்லாவிட்டால் ஆளே போய்விடும்.

"அழிக்காதே," என்றாள். "தப்பு என் புள்ளியில இல்லம்மா, என் வாயில. நான் மூணாவதுதான் படிச்சேன்."

மகள் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தாள். தரையில் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"அந்த நெட்டைப்பய முன்னாடி எட்டாவதுக்குக் கீழ சொல்ல வாய் வரல. உன் படிப்பைக் கெடுத்துட்டேனா?"

"இல்ல அத்தை. திருத்திடலாம், ஒரு நிமிஷ வேலை." மடிக்கணினியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அந்தத் தெருமுனைப் பட்டறை மாமா காலேஜ் முடிச்சேன்னு சொல்லியிருக்கார். அதையும் போய்த் திருத்தணும்."

"அந்த ஆளா? மழைக்குக்கூட ஸ்கூல் பக்கம் ஒதுங்கினதில்ல!"

பத்தை அழித்து மூன்று என்று அடித்தாள் மகள். செம்பக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு திரையின் முன் குனிந்தாள். அவள் மனசில் ஒரு கணக்கு இருந்தது: இப்போது நூல் இறங்கி வரும். மூன்றாவது படித்தவளுக்கு இதுதான் சம்பளம் என்று அவள் புள்ளியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். தம்பி சொன்னது சரியாகப்போகும். கசப்புத்தான், ஆனாலும் ஒரு நிம்மதி.

நூல் ஏதோ ஒரு மயிரிழை அசைந்தது. புள்ளி பாதாளத்திலேயே கிடந்தது.

"என்னம்மா இது? சரியா அடிச்சியா?"

"சரியாத்தான் அடிச்சேன்." மகள் எண்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நம்ம தெருவில ஒரு வருஷப் படிப்பு கூடினா மாசத்துக்கு எண்பது, தொண்ணூறுதான் கூடுது. ஏழு வருஷத்துக்கும் சேத்தா அறுநூறு சொச்சம். காயில் கட்டறதுக்கு யாரும் இங்க சர்டிபிகேட் பாக்கறதில்ல போலிருக்கு. உங்களுக்குக் குறையறது ஐயாயிரம் அத்தை. அது படிப்பால இல்ல."

"பின்ன எதால?"

மகள் தன் காகிதங்களைத் திரும்பப் புரட்டினாள். காகிதத்தில் அவள் கேட்டு வாங்கியிருந்தும் கணக்கில் சேர்க்காத ஒரு விவரம் இருந்தது. படிப்பு, அனுபவம், வேலை நேரம் இது போதும் என்று அந்த சார் சொல்லியிருந்தார். இப்போது அந்த விவரத்தைச் சேர்த்தாள்.

புள்ளி நூலருகே வந்து உட்கார்ந்தது. சமர்த்தாக, இத்தனை நாளும் அங்கேயே இருந்ததுபோல.

"அட!" என்று கைதட்டப் போனாள் செம்பக்கா. "என்ன செஞ்சே?"

"ஆணா பெண்ணான்னு சேத்தேன்."

கை தட்டாமலே இறங்கியது.

"படிப்பு ஒண்ணு, அனுபவம் ஒண்ணு, வேலை நேரம் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டாலும், பெண்ணா இருந்தா நாலாயிரத்து எண்ணூறு குறையுது. பதினோரு பேருமே பழைய நூலுக்குக் கீழதான். மத்தவங்க வேலைக்கு வந்து கொஞ்ச வருஷம்தான், அதனால கூட்டத்துல கலந்து கண்ல படல. நீங்க ரொம்ப நாளா இருக்கீங்க. அதனால கோடியில தனியாத் தெரியறீங்க." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "இது இப்படித்தான்னு நிரூபிக்கல அத்தை. வெறும் எழுபது பேர். எங்க தேடணும்னுதான் காட்டுது."

"தெரியும்மா. மெக்கரும் அப்படித்தான். எந்த ஃபேஸ்ல கசிவுன்னு சொல்லும், எந்தச் சுத்துலன்னு சொல்லாது. அதுக்கு மோட்டாரைப் பிரிக்கணும்."

"நான் அப்பாகிட்ட பேசட்டுமா?"

"நீ உன் பரீட்சையைப் பாரு. எந்தச் சுத்துன்னு நான் தேடிக்கறேன்."

மகள் போனபிறகு வேலையில் உட்கார்ந்தாள். கம்பியை அச்சில் மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றினாள். பத்து, இருபது, முப்பது. முப்பதுக்குப் பிறகு முப்பத்தொன்றா, ஏற்கெனவே முப்பத்தொன்று சொன்னோமா? நின்றாள். அவள் கை நின்றதைப் பார்த்து நெட்டை எழுந்தே வந்துவிட்டான்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"எண்ணிக்கை விட்டுப்போச்சுடா."

அவன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். செம்பக்காவுக்கு எண்ணிக்கை விட்டுப்போவது என்றால் தெருவில் அது ஆம்புலன்ஸ் கூப்பிடுகிற விஷயம்.

சுற்றியதையெல்லாம் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். அப்படிச் சுற்றச் சுற்றத்தான் தேடியது கிடைத்தது. அடியில், முதல் சுற்றிலேயே இருந்தது.

இரண்டு நாள் பொறுத்து, சாயங்காலம் எல்லோரும் கை கழுவிக்கொண்டு கிளம்பியபிறகு, முதலாளியின் மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, கண்ணாடியைக் கீழ இறக்கு. பேசணும்."

அவர் இறக்கிக்கொண்டார். அவள் முதலில் தன் பொய்யைச் சொன்னாள். பிறகு நூலைச் சொன்னாள், புள்ளியைச் சொன்னாள், நாலாயிரத்து எண்ணூறைச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

"காசு கட்டிப் படிக்கவச்சா, என் வீட்டுப் பொண்ணே எனக்கு ஆப்பு வைக்கறாளா! நான் ஓரவஞ்சனை பண்ற ஆளா, அக்கா? நீயே சொல்லு. வருஷா வருஷம் எல்லாருக்கும் ஒரே சதவீதம்தானே கூட்டறேன்? நெட்டைக்குப் பத்துன்னா உனக்கும் பத்து. ஒரு பைசா வித்தியாசம் பாத்திருக்கேனா?"

"பாக்கல. ஏணி எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. நான் குழிக்குள்ள நின்னு ஏறறேன்."

"என்ன குழி? ஆம்பளைங்க மோட்டார் தூக்கறாங்க..."

"சங்கிலிக் கப்பி தூக்குது. நெட்டை கடைசியா மோட்டார் தூக்கினப்ப இடுப்பு பிடிச்சு ஒரு வாரம் படுத்தான், அவன் வேலையையும் சேத்து நான் பாத்தேன்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். செம்பக்கா சிரிக்கவில்லை.

"நம்ம மேஸ்திரி முதல் சம்பளம் குடுத்த நாள் ஞாபகம் இருக்கா?"

அவர் தலையை ஆட்டினார்.

"உனக்கு எவ்வளவு குடுத்தார்?"

"நானூறு," என்றார். எந்த மனிதனும் முதல் சம்பளத்தை மறப்பதில்லை.

"எனக்கு?"

அவர் கண்கள் மேசையில் இறங்கின.

"முந்நூறு. 'உனக்குத்தான் வீட்டுக்காரன் சம்பாதிக்கறானே'ன்னு சொன்னார். நான் ஒரு வார்த்தை பேசல, அப்ப எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. அப்புறம் நீ சொந்தமாப் பட்டறை போட்டே. என்னைக் கூப்பிட்டே. என்ன கேட்டே? 'அங்க என்ன வாங்கறே அக்கா, அதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன்'னு கேட்டே. நெட்டை வந்தான், அவன்கிட்டயும் அதையேதான் கேட்டே. தெரு பூரா அப்படித்தானே ஆள் எடுக்கறோம்? பழைய பட்டறையில வாங்கினதுக்கு மேல கொஞ்சம். நாலுக்கு மூணுன்னு அன்னைக்குச் சுத்தின முதல் சுத்து அப்படியே இருக்கு. மேல மேல நீ ஒழுங்காத்தான் சுத்தினே. இருபதுக்குப் பதினஞ்சு. கணக்குப் போட்டுப் பாரு, அதே நாலுக்கு மூணு. வீட்டுக்காரர் செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு தம்பி. அவர் சம்பளத்தை இன்னும் என்கிட்ட பிடிச்சுக்கிட்டு இருக்கே."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"அன்னைக்கு," என்றார் மெதுவாக, "வெளிய வந்ததும் நான் உனக்கு அம்பது நீட்டினேன்."

"நீட்டினே. ஆளுக்கு முந்நூத்தம்பதுன்னு சொன்னே. மீசைகூட ஒழுங்கா முளைக்கல உனக்கு."

"நீ வாங்கல."

"உன் காசை நான் எதுக்குடா வாங்கணும்? தெருமுனை வரைக்கும் நீ அழுதுக்கிட்டே வந்தே." அவள் குரல் கொஞ்சம் இளகியது, உடனே இழுத்துக் கட்டிக்கொண்டாள். "வேற பட்டறைக்குப் போறேன்னு மிரட்ட வரல. அங்கயும் இதே நூல்தான். உனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொன்னேன்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பெருமூச்சுவிட்டு, "சரி அக்கா. அந்த நாலாயிரம் பாக்கியை விட்டுடு. தள்ளிட்டேன். சரியாப் போச்சா?" என்றார்.

செம்பக்கா எழுந்துவிட்டாள்.

"அன்னைக்கும் நான் சம்பளம் கேட்டேன், நீ கடன் குடுத்தே. இன்னைக்கும் சம்பளம் கேக்கறேன், நீ கடனைத் தள்றே. கடனைத் தள்ளினா அது தர்மம் தம்பி. சம்பளத்தைச் சரிபண்ணினா அதுதான் கணக்கு. நான் கணக்குக்கு வந்தவ."

அந்த மாதம் முழுக்க அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. "தலையில இருக்கு தம்பி" என்று சொல்வதைக்கூட அவள் நிறுத்திவிட்டதால், முதலாளி பல நாள் கண்ணாடியில்லாமலே பில் எழுதினார். நெட்டைக்கு விஷயம் எப்படியோ எட்டியிருந்தது. ஒருநாள் காயிலைக் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அக்கா, என் சம்பளத்தைக் குறைச்சு உனக்குக் குடுப்பாரோ?" என்று கேட்டான்.

"குறைச்சா நீதான் முதல்ல என் பக்கத்துல நின்னு கத்தணும். கத்துவியா?"

"கத்துவேன். உனக்காக இல்ல, எனக்காக."

"அது போதும்டா."

வீட்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். இந்தக் கூரை கடனில்லாமலே ஏறியிருக்க வேண்டிய கூரை. அதை நினைத்தால் வயிறு எரியும். ஆனால் ஒன்று. இத்தனை நாள் உள்ளே இருந்த அந்த முள் இப்போது இல்லை. மூன்றாவதோடு நின்ற அந்தச் சின்னப் பெண்மேல், இடுப்பில் தங்கையோடு பள்ளிக்கூட வாசலில் நின்ற அந்தப் பெண்மேல், அவளுக்கு இவ்வளவு காலமும் உள்ளூர ஒரு கோபம் இருந்திருக்கிறது. நீ படித்திருந்தால் நான் இப்படி இருப்பேனா என்று. இப்போது அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. உன்மேல் தப்பில்லைடி, கணக்கே சொல்லிவிட்டது.

சம்பள நாள் வந்தது. சம்பளத்தைக் கவரில் போட்டுத் தருவது முதலாளிக்குப் பிடிக்காது. ஒவ்வொருத்தராக மேசைக்குக் கூப்பிட்டு, விரலை நனைத்து, நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளங்கையில் வைப்பார். எண்ணிக் கையில் வைத்தால்தான் அது சம்பளம், மற்றதெல்லாம் தபால் என்பார்.

நெட்டைக்கு எண்ணினார். இருபதாயிரம், குறையவில்லை. நெட்டை வாயெல்லாம் பல்லாக நகர்ந்தான். செம்பக்கா போய் நின்று கையை நீட்டினாள்.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணினார். ஐந்தாயிரம் வந்தது. பத்து வந்தது. பதினான்கு. இங்கேதான் எப்போதும் நிறுத்துவார், கடனுக்கு ஆயிரம் பிடித்துக்கொண்டு. நிறுத்தவில்லை. பதினைந்து வந்தது. விரலை இன்னொருமுறை நனைத்துக்கொண்டார். பதினாறு. பதினேழு. நெட்டை வாசலில் செருப்பு மாட்டியவன் அப்படியே நின்றான். இருபதாவது ஆயிரத்தை வைத்துவிட்டு முதலாளி தொண்டையைச் செருமினார்.

"பேப்பர் வெட்டற பொண்ணுக்கும் சரிபண்ணிட்டேன்," என்றார், யாரோ கேட்டதுபோல. "பழைய பாக்கி என்னன்னு உக்காந்து பேசணும் அக்கா. இத்தனை வருஷம், என்னால ஒரேயடியா..."

"அதைப் பொறுமையாப் பேசலாம். நான் இன்னும் வேலையை விட்டுப் போகல." அவள் நகராமல் நின்றாள். "கையை நீட்டு."

"எதுக்கு?"

"நாலாயிரம் இருக்கே."

"அடுத்த மாசத்துலேர்ந்து மறுபடி ஆயிரமாப் பிடிச்சுக்கறேனே அக்கா, அவசரம் என்ன?"

"நீ பிடிக்க வேணாம். நான் குடுக்கறேன். நீட்டு தம்பி."

கொடுத்தே பழகிய கை அது. எப்படி விரிப்பது என்று தெரியாமல் மேசைமேல் அரைகுறையாக நீட்டினார். அவள் அதைத் தன் செம்பு விரல்களால் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நன்றாக விரித்தாள். கண்ணாடி வழக்கம்போல நெற்றியில் இருந்தது. அதை இழுத்து அவர் மூக்கின்மேல் சரியாக வைத்தாள், எண்ணுவது அவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா. பிறகு காயிலுக்குச் சுற்று எண்ணுகிற அதே குரலில், ஐந்நூறு நோட்டுகளை ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு.